மணவாளன் இழக்காத விரல்கள்

அந்தத் தொழிற்சாலையில் யாரும் வேலை செய்வதில்லை. எல்லோரும் டூட்டி பார்த்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்ற நினைப்போடு மன்னார்குடிப் பக்கத்திலிருந்து தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினான் மணவாளன். எண்பத்தேழாம் வருஷம் ஆவணி மாதம். வயது இருபத்து நான்கு. ஐ.டி.ஐ. படித்தவன். ஊரில் அவனுடைய அம்மா, பையன் அரசாங்க மிஷினில் வேலை செய்கிறான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில், மின்சார ரயிலிலிருந்து பார்த்தால் முடிவில்லாமல் ஓடும் ஒரு சுற்றுச்சுவருக்குள் இருந்தது அந்தத் தொழிற்சாலை. அங்கே எண்ணெய் டின்களுக்கு மூடி செய்தார்கள். டின்களை வடக்கே வேறு ஒரு தொழிற்சாலை செய்தது. இந்த மூடி அந்த டின்னுக்குப் பொருந்தாது என்பது கேண்டீன்காரருக்குக்கூடத் தெரியும். ஆனால் பொருத்திப் பார்ப்பது இரண்டு தொழிற்சாலையிலும் யாருடைய டூட்டியும் இல்லை. அதனால் உற்பத்தி தடையில்லாமல் நடந்தது.

போர்மேன் கஜபதி முதல் நாளே மணவாளனைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினார். கார்டு பஞ்ச் அடித்தால் டூட்டிக்கு வந்ததாக அர்த்தம். ஸ்டூலில் சட்டை தொங்கினால் டூட்டியில் இருப்பதாக அர்த்தம். சொந்த விஷயமாகப் பூந்தமல்லி ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனால் ஆன் டூட்டி. நெஞ்சு வலி வந்தவர்களுக்கு லைட் டூட்டி; அவர்கள் வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். நெஞ்சு வலி வராதவர்கள் உள்ளே மின்விசிறியடியில் உட்காருவார்கள்.

“அப்ப மிஷினை யார் ஓட்டுவாங்க சார்?” என்று மணவாளன் கேட்டான்.

கஜபதி அவனை இரக்கத்தோடு பார்த்தார். பர்மனென்ட் ஆள் மிஷினில் கை வைத்தால், ஒரு மணி நேரத்தில் எத்தனை மூடி என்று மேலே இருப்பவர்கள் கணக்கெடுத்துவிடுவார்கள். கணக்கெடுத்தால் மறுநாளிலிருந்து அதையே கேட்பார்கள். அதனால் மிஷினைக் காண்ட்ராக்ட் ஆட்கள் ஓட்டுவார்கள். அவர்கள் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் யாரும் கணக்கெடுக்க முடியாது. ஏனென்றால் கணக்குப்படி அவர்கள் எல்லோரும் புல் வெட்டுவதற்காக உள்ளே விடப்பட்டவர்கள்.

அந்த வளாகத்தில் புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது.

மணவாளனுக்கு ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் டூட்டி. அதை ஓட்டியவன் துலுக்கானம். மண்ணூர்பேட்டைக்காரன். நாற்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு, எப்போதும் வாயில் ஒரு பாக்கு. தகட்டை வைப்பான், காலால் பெடலை மிதிப்பான், அச்சு இறங்கும், மூடி விழும். பக்கத்து ஸ்டூலில் மணவாளன் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். ஒரு மாதம் பார்த்தான். சம்பளக் கவர் வந்தது. அதை வாங்கும்போது அவனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. துலுக்கானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கவரைப் பைக்குள் வைத்தான்.

மறுநாள் அவன் துலுக்கானத்திடம் மெதுவாகச் சொன்னான், சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருக்கிறது, தானும் ஏதாவது செய்கிறேன் என்று.

துலுக்கானம் பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினான். “இன்னா நைனா பேஜாரு? எல்லாரும் உக்காந்துகினுதான கீறாங்க. உனுக்கு மட்டும் இன்னா வந்துச்சு?”

“இல்லண்ணே. வீட்ல கேட்டா என்ன வேலைன்னு சொல்லணும்ல.”

துலுக்கானத்துக்கு இளகிய மனசு. யோசித்துப் பார்த்துவிட்டு, பெடலை மட்டும் மிதிக்கச் சொன்னான். தகட்டைத் தான் வைத்துவிட்டு ‘ம்’ என்று சொல்வதாகவும், அதைக் கேட்டு மிதித்தால் போதும் என்றும் ஏற்பாடு. மணவாளன் அன்று அம்மாவுக்குப் போட்ட கார்டில், மிஷினில் தனக்கு முக்கியமான பொறுப்பு கிடைத்திருப்பதாக எழுதினான்.

பத்து நாள் போல எல்லாம் சரியாக நடந்தது. பதினோராம் நாளோ என்னவோ, டீ மணி அடிக்கிற நேரத்தில் பக்கத்து மிஷினில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அது மணவாளன் காதில் ‘ம்’ என்று விழுந்தது. அவன் மிதித்தான்.

துலுக்கானத்தின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போயின.

துலுக்கானம் கத்தவில்லை. அச்சைப் பார்த்தான், கையைப் பார்த்தான், பிறகு தரையில் உட்கார்ந்தான். மணவாளன்தான் கத்தினான். துலுக்கானத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வளாகத்துக்குள்ளேயே இருந்த டிஸ்பென்சரிக்கு ஓடினான். சட்டையெல்லாம் ரத்தம். வழியில் நின்ற எல்லோரும், பாவம் புதுப் பையனுக்கு அடிபட்டுவிட்டது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் முதலில் டோக்கன் கேட்டார். துலுக்கானத்திடம் டோக்கன் இல்லை. புல்லுக்கு டோக்கன் கிடையாது. மணவாளன் சட்டைப் பையில் பித்தளை டோக்கன் இருந்தது. கம்பவுண்டர் மணவாளனைப் பெஞ்சில் படுக்கவைத்தார். தனக்கு ஒன்றும் இல்லை, அவருக்குத்தான் என்று அவன் திமிறினான். அதிர்ச்சியில் இப்படித்தான் பேசுவார்கள் என்று கம்பவுண்டர் உதவிக்கு வந்தவரிடம் சொல்லி, அவன் தோளை அழுத்திப் பிடிக்கவைத்தார். பிறகு வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பெரிய கட்டாகப் போட்டார். நன்றாகப் போட்டார். துலுக்கானம் வாசல்படியில் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கஜபதி ஓடி வந்தார். துலுக்கானத்தை ஒருவனுடைய சைக்கிள் கேரியரில் ஏற்றி, வெளியே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்க் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லச் சொல்லி அனுப்பினார். திரும்பி வந்து மணவாளன் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“உன்ன யாருய்யா வேலை செய்யச் சொன்னது?”

அந்தத் தொழிற்சாலையின் சரித்திரத்தில் மணவாளன் மேல் சொல்லப்பட்ட ஒரே குற்றச்சாட்டு அதுதான்.

மறுவாரம் விசாரணை. பர்சனல் ஆபீசர் ஜெயராமன் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் டிஸ்பென்சரி டாக்டர், மறு பக்கம் சங்கச் செயலாளர் வேலுசாமி. மணவாளன் ராத்திரியெல்லாம் யோசித்துவைத்ததை ஒரே மூச்சில் சொன்னான். விரல் போனது துலுக்கானத்துக்கு. மிதித்தது தான். தன்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அவருக்கு ஒரு வழி செய்யுங்கள்.

ஜெயராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மிஸ்டர் மணவாளன், உங்க நல்ல மனசு புரியுது. ஆனா நாம சட்டப்படி யோசிக்கணும். ஏழாம் நம்பர் பிரஸ்ல அன்னிக்கு டூட்டி யாருக்கு?”

“எனக்கு சார்.”

“அந்த பிரஸ்ல ரெண்டு விரல் போனது வாஸ்தவமா?”

“வாஸ்தவம் சார்.”

“அப்போ டூட்டியில இருந்தவருக்குத்தானே விரல் போகணும்? டூட்டியில இல்லாத ஒருத்தருக்கு அங்க எப்படிப் போகும்? துலுக்கானம்னு நீங்க சொல்ற நபர் அந்த நேரத்துல தெற்கு மதில் ஓரமாப் புல் வெட்டிக்கிட்டு இருக்கார். மதிலுக்கும் பிரஸ்ஸுக்கும் அரை கிலோமீட்டர். அவ்வளவு நீளமான கையா அவருக்கு?”

மணவாளன் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தான். ஜெயராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கை பார்ப்பது தன் டூட்டியில் வராது, டாக்டரைக் கேளுங்கள் என்றார். டாக்டர், கட்டுப் போட்ட கையைத்தான் தான் பார்க்க முடியும் என்றார். கட்டைப் பிரித்துவிட்டால் அது காயம் ஆறிய கை. ஆறிய கை டாக்டருடைய டூட்டியில் வராது.

வேலுசாமி எழுந்து வந்து மணவாளன் தோளில் கை போட்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “தம்பி, டூட்டியில அடிபட்டா முழுச் சம்பளத்தோட லீவுங்கறது நாம உண்ணாவிரதம் இருந்து வாங்கின உரிமை. நானே மூணு நாள் இருந்தேன், ராத்திரி மட்டும் இட்லி. எனக்கு அடிபடலன்னு சொல்லி அந்த உரிமைய நீ காவு குடுக்கலாமா?”

துலுக்கானத்துக்காகவும் சங்கம் பேசலாமே என்றான் மணவாளன். வேலுசாமி தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். புல் வெட்டுகிறவர்களுக்குத் தனிச் சங்கம் வேண்டும் என்பதுதான் தங்கள் நிலைப்பாடு என்றும், அதை அவர்கள் ஆரம்பித்தால் வாழ்த்த வருவதாகவும் சொன்னார்.

வலது கையில் காயம் என்பதால் மணவாளனை விசாரணை அறிக்கையில் கையெழுத்துப் போட விடவில்லை. இடது பெருவிரலை மையில் உருட்டி ரேகை எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு எல்லோரும் அவனிடம் அன்பாக இருந்தார்கள். வேப்பமரத்தடியில் லைட் டூட்டி கிடைத்தது. கேண்டீனில் அவனுக்கு மட்டும் ஸ்பூன் கொடுத்து, கூட ஒரு வடையும் வைத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் கட்டு மாற்றினார்கள். கம்பவுண்டர் கட்டைப் பிரித்து, முழுசாக இருக்கும் இரண்டு விரல்களையும் டிஞ்சர் போட்டுத் துடைத்து, சீழ் பிடிக்கவில்லை என்று திருப்தியோடு சொல்லி மறுபடி கட்டுவார்.

மணவாளன் சைக்கிளில் போவதை விட்டுவிட்டான். வலது கால் பெடலை மிதிக்க மறுத்தது. அறையிலிருந்து தொழிற்சாலைக்கு நடந்தே போனான். ஒரு நாள் சாயங்காலம் கால் தானாக மண்ணூர்பேட்டைப் பக்கம் திரும்பியது.

துலுக்கானத்தின் வீடு தொழிற்பேட்டை மதிலை ஒட்டி ஒரு சந்துக்குள் இருந்தது. ஓலைக் கூரை, பாதிக்குத் தார்ச் சீட்டு. அவன் மனைவி கன்னியம்மாள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மணவாளன் கையிலிருந்த கட்டைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

“நீதானா அது? உனுக்கு எப்டி கீது கை?”

அவள் கிண்டலாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று மணவாளனுக்குத் தெரியவில்லை. அவன் கட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். உள்ளேயிருந்து துலுக்கானம் வரச் சொன்னான். அவன் கையில் இருந்த கட்டு சிறியது, அழுக்கானது. மணவாளன் கொண்டுபோயிருந்த பணத்தை நீட்டினான். கன்னியம்மாள் அதைத் தொடவில்லை.

“அத்த எடுத்துகினு போ. துட்டு எத்தினி நாளைக்கு வரும்? காண்ட்ராக்ட்காரன் இந்தக் கைக்கு வேலை இல்லன்றான். வேற கம்பெனில கேட்டா எங்க போச்சு வெரலுன்றான். கதவுல மாட்டிகிச்சுன்னா சிரிக்கிறான். அந்த மிஷின்லதான் போச்சுன்னு அவுங்க வாயால ஒரு தபா சொல்லச் சொல்லு. சொல்ட்டா இவுருக்கு உள்ளாற ஒரு வேலை குடுத்துத்தான் ஆவணும், வக்கீல் ஊட்ல கேட்டுகினு வந்துட்டேன். அந்த ஒரு வார்த்த போதும் எனுக்கு.”

“விடு கன்னிம்மா,” என்றான் துலுக்கானம். “பையன் மெதிச்சான், நான் கைய எடுக்கல. ரெண்டு பேர் மேலயும்தான் தப்பு.”

மணவாளன் தலையைக் குனிந்துகொண்டான். துலுக்கானம் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே வேலை அந்த மிதிதான் என்பது மணவாளனுக்கு அந்த வீட்டில் நன்றாக உறைத்தது.

அடுத்த வாரம் பாதுகாப்பு விழா, ஜெனரல் மேனேஜரே வருகிறார், டூட்டியில் அடிபட்டவன் என்று மேடையில் தன்னைக் கூப்பிட்டு மரியாதை செய்யப்போகிறார்கள் என்று சொன்னான். எல்லோர் எதிரிலும் கட்டைப் பிரித்துக் காட்டிவிடுவதாகச் சொன்னான். அத்தனை பேர் கண்ணும் பார்த்த பிறகு யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

கன்னியம்மாள் உள்ளே போய் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள்.

விழாவுக்குப் பெரிய பந்தல். குவார்ட்டர்சிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். பந்தலுக்கு வெளியே கம்பி வேலி. வேலிக்கு அப்பால் காண்ட்ராக்ட் ஆட்கள். அவர்களுக்கு நடுவில் துலுக்கானம் நிற்பதை மணவாளன் முதல் வரிசையிலிருந்தே பார்த்துவிட்டான். மேடைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை, இந்த ஆண்டு விபத்துகள் ஒன்று என்று காட்டியது. அந்த ஒன்றால்தான், விபத்தே இல்லாத தொழிற்சாலைக்குக் கொடுக்கும் டெல்லிக் கேடயம் கை நழுவிப்போகிறது என்று பின்னால் யாரோ வருத்தப்பட்டார்கள்.

ஜெயராமன் மைக்கைப் பிடித்தார். “டூட்டின்னா என்ன? சிலர் அது சம்பளம்னு நினைக்கிறாங்க. சிலர் அது வேலைன்னுகூட நினைச்சுடறாங்க. இல்லை. டூட்டிங்கறது ஒரு மனநிலை. நான் இருபத்திரண்டு வருஷமா இங்க இருக்கேன். இந்த ஷெட்டுக்குள்ள ஒரு தடவைகூடக் காலடி வச்சதில்லை. ஆனா ஒரு நிமிஷம்கூட நான் டூட்டியில இல்லாம இருந்ததில்லை.”

பலத்த கைதட்டல். மணவாளனைக் கூப்பிட்டார்கள். ஜெனரல் மேனேஜர் சால்வை போர்த்தினார். மணவாளன் மைக்கை இடது கையால் பிடித்தான். பேசுவதற்கு முன் பல்லால் முடிச்சை அவிழ்த்தான். கட்டு நீளமாகப் பிரிந்து மேடையில் விழுந்தது. ஐந்து விரலையும் விரித்துக் கையைத் தூக்கிப் பிடித்தான்.

“இது என் கை. எனக்கு ஒண்ணும் ஆகல. போனது துலுக்கானம் அண்ணனோட விரல். நான்தான் மிதிச்சேன். ஏழாம் நம்பர் மிஷின்ல.”

வேலிப் பக்கம் தலைகள் நிமிர்ந்தன. ஜெனரல் மேனேஜர் மணவாளன் கையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆள்காட்டி விரலை லேசாக மடக்கி நிமிர்த்தினார்.

“டாக்டர், நீங்களா பார்த்தீங்க?”

டாக்டர் தயங்கி எழுந்து நின்றார். தங்கள் டிஸ்பென்சரியில் உள்ள வசதிகளை வைத்துத் தங்களால் முடிந்ததைச் செய்ததாகப் பணிவோடு சொன்னார்.

ஜெனரல் மேனேஜர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். வெளிநாட்டில்கூட வெட்டுப்பட்ட கை இப்படி ஆறித் தான் பார்த்ததில்லை என்றார். யார் அந்தத் துலுக்கானம் என்று ஜெயராமனைக் கேட்டார்; தோட்டப் பிரிவு சார் என்றார் ஜெயராமன். தனக்குக் கிடைத்த பெருமையை ஒரு தோட்டத் தொழிலாளிக்குக் கொடுக்கிற பண்பு இந்தக் காலத்துப் பையன்களிடம் அபூர்வம் என்று ஜெனரல் மேனேஜர் நெகிழ்ந்தார். மணவாளன் மறுபடி வாயைத் திறந்தான். அதற்குள் ஜெயராமன் ஒரு முக்கியமான விஷயத்தை அவர் காதில் சொல்லியிருந்தார். விரல் இருக்கிறதென்றால் விபத்து இல்லை. விபத்து இல்லையென்றால் கேடயம் இருக்கிறது.

யாரோ ஓடிப்போய்க் கரும்பலகையில் ஒன்றை அழித்துப் பூஜ்யம் போட்டார்கள். பந்தலே எழுந்து நின்று கைதட்டியது. சின்னப் பிள்ளைகள் விசில் அடித்தன. வேலுசாமி மேடைக்குத் தாவி ஏறி, தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக என்றார்.

மணவாளன் வேலிப் பக்கம் பார்த்தான். அங்கேயும் கைதட்டினார்கள், என்ன நடந்தது என்று அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. துலுக்கானம் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றார்கள்.

இறங்கி வந்தவனைக் கஜபதி பிடித்துக்கொண்டார். கை ஆறிவிட்டதால் லைட் டூட்டி ரத்து, திங்கட்கிழமையிலிருந்து அதே ஏழாம் நம்பர் என்றார்.

“நான் பெடலை மிதிக்க மாட்டேன் சார்.”

“யாரு மிதிக்கச் சொன்னது? சொம்மா உக்காரு, போதும். புல்லு வெட்டறதுக்குப் புது ஆளு வந்துகீறான்.”

மணவாளன் சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மண்ணூர்பேட்டைக்கு நடந்தான். சந்து முனையில் நின்று இரண்டு முறை திரும்பிப் போகப் பார்த்தான். கன்னியம்மாள் அவனைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். உள்ளே துலுக்கானம் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தான். வந்ததிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை, நீயாவது சொல்லு என்றாள்.

“பிரிச்சுக் காட்டினியா?”

“காட்டினேன்க்கா.”

“மிஷின்லதான் போச்சுன்னு சொன்னியா?”

“சொன்னேன்.”

“அவுங்க இன்னா சொன்னாங்க?”

மணவாளன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். டிஞ்சர் போட்டுப் போட்டு இரண்டு விரல்களும் மஞ்சளாக இருந்தன.

“கைதட்டினாங்க.”

கன்னியம்மாளுக்கு அது புரிய நேரம் பிடித்தது. உள்ளேயிருந்து துலுக்கானம் திரும்பாமலே சொன்னான்.

“நானும் தட்டலாம்னுதான் பாத்தேன். வலிச்சுது.”